முதல் டேபிள் சா: கடையிலிருந்து முதல் அறுப்பு வரை

டேபிள் சா, அதாவது மேஜையின் நடுவிலிருந்து பிளேடு எட்டிப் பார்க்கும் அறுவை மெஷின், வாங்கப் போனால் கடையில் முதலில் சொல்வது மோட்டார் எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். பெட்டியின் மேலேயே 1800, 2000 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். வீட்டுத் தச்சு வேலைக்கு அந்த எண் பெரிதாக ஒன்றையும் சொல்வதில்லை. பத்து அங்குல பிளேடு, அதாவது 254 மி.மீ. போடுகிற எந்த மெஷினும் 18 மி.மீ. பிளைவுட்டையும் ஒன்றரை அங்குலத் தேக்கையும் அறுத்துவிடும். நல்ல மெஷினுக்கும் சுமாரானதுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று இடத்தில் தெரிகிறது: கட்டையை அணைத்துத் தள்ள மேஜை மேல் பூட்டும் நேரான தடுப்பான ஃபென்ஸ், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரிவிங் நைஃப், கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மெஷின் என்ன செய்கிறது என்பது. சென்னை லிங்கி செட்டித் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியபோது நான் பார்த்ததெல்லாம் இவற்றைத்தான்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது கையில் பிடித்து அறுக்கும் சர்குலர் சாவும் ஒரு ஜிக்சாவும். புத்தக அலமாரி ஒன்று, சமையலறைக்கு நாலைந்து தட்டு, இவ்வளவுதான் திட்டம். ஒரே அகலத்தில் பத்து ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், வேண்டும் என்றால் கை மெஷினில் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, கட்டையைப் பிடித்து வைத்து அறுக்க வேண்டும். கடைசி ரீப்பர் முதல் ரீப்பரோடு ஒத்துப்போகாது. டேபிள் சா என்பது அந்த ஒரு தொல்லைக்கான மருந்து. ஃபென்ஸை ஒரு முறை பூட்டினால் பத்தும் ஒரே அளவில் வரும்.

நம் ஊர் ஆசாரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிளைவுட்டில் ஒரு மேஜை அடித்து, கட்டிங் மெஷினைத் தலைகீழாக அதில் முடுக்கி, பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைத்துவிடுவார்கள். ஃபென்ஸுக்குப் பதில் ஒரு நேரான கட்டை, இரண்டு பக்கமும் கிளாம்ப். வேலை வேகமாக நடக்கும். ஆனால் பிளேடுக்குப் பின்னால் எதுவும் இருக்காது, மேலே மூடி இருக்காது, சுவிட்சைப் பலர் டேப் சுற்றி நிரந்தரமாக ஆன் செய்து வைத்திருப்பார்கள். பழகிய கைக்கே அது ஆபத்து. புதிதாகக் கற்றுக்கொள்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து.

பெரிய பட்டறைகளில் இருக்கும் வார்ப்பிரும்பு மேஜை வைத்த மெஷின்கள் அதிராது, சத்தமும் குறைவு. ஆனால் எடை அதிகம், ஒரு இடத்தில் வைத்தால் வைத்ததுதான். சென்னையின் கடல் காற்றுக்கு அந்த மேஜையில் வாரம் ஒரு தரம் மெழுகு தேய்க்காவிட்டால் துரு ஏறிவிடும். கார் நிற்கிற இடத்தில் ஓரமாக வேலை செய்கிற எனக்கு அது ஒத்துவராது. மடக்கிச் சுவரோரம் நிறுத்தக்கூடிய, அலுமினிய மேஜை வைத்த ஜாப்சைட் வகைதான் சரி. நான் விசாரித்தபோது பெயர் பெற்ற கம்பெனிகளின் மெஷின்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் தொடங்கின. பெயர் தெரியாத இறக்குமதிகள் அதில் பாதிக்கே கிடைத்தன.

பாதி விலை மெஷின் ஏன் பாதி விலை என்பது ஃபென்ஸைத் தொட்டதும் புரிந்தது. சோதனை சுலபம். ஃபென்ஸை ஏதோ ஒரு அளவில் பூட்டி, பிளேடின் முன் பல்லிலிருந்தும் பின் பல்லிலிருந்தும் டேப்பால் அளக்க வேண்டும். பிறகு கழற்றி, தள்ளி, மறுபடி அதே அளவுக்குக் கொண்டு வந்து பூட்டி அளக்க வேண்டும். பூட்டும் ஒவ்வொரு முறையும் பின் பக்கம் வேறு வேறு இடத்தில் போய் நின்றால் அந்த மெஷின் வேண்டாம். பூட்டிய பிறகு பின் நுனியை விரலால் தள்ளிப் பார்ப்பதும் நல்லது. சில மெஷின்களில் ஃபென்ஸின் இரண்டு முனையும் பற்சட்டத்தில் ஓடும், ஒரு திருகைச் சுற்றினால் முன்னும் பின்னும் சேர்ந்தே நகரும். எனக்கு அந்த அமைப்புதான் பிடித்தது, வாங்கியதும் அதைத்தான்.

ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் அதே வளைவில் நிற்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், சாய்ந்தால் அதுவும் சாயும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் இந்த மெஷினில் உயிர் காக்கிற பாகம் அதுதான். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கிக் கட்டையை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுத்து முடித்த கட்டை எப்படியாவது அந்தப் பின் பற்களைத் தொட்டுவிட்டால், அவை அதைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 230 கி.மீ. வரும். கட்டை பறக்கும்போது அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை எங்கே போகும் என்பதுதான் பெரிய பயம். ரிவிங் நைஃப் அறுத்த இடைவெளிக்குள் நின்று, கட்டை பின் பற்கள் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அது இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

மூன்றாவது, கரண்ட். அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, கட்டையைச் சரிசெய்யக் கையை நீட்டுகிறோம். கரண்ட் வருகிறது. நம் ஊரில் இது கற்பனைக் கதை இல்லை. நல்ல மெஷின்களில் மின்சாரம் போனதும் சுவிட்ச் தானாக விடுபட்டுவிடும், மறுபடி அழுத்தினால்தான் ஓடும். கடையிலேயே சோதிக்கலாம்: மெஷினை ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்து, பிளேடு நின்றதும் மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு கடையில் அப்படிச் செய்தபோது மெஷின் தானாகவே சீறிக்கொண்டு கிளம்பியது. கடைக்காரர் "எல்லா மெஷினும் இப்படித்தான் சார்" என்றார். இல்லை, அடுத்த கடையில் இருந்தது கிளம்பவில்லை.

இதையெல்லாம் தாண்டி, விரல் பட்டாலே நின்றுவிடும் மெஷினும் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீவ் காஸ் 1999-ல் யோசித்துச் செய்த ஏற்பாடு, சா ஸ்டாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஓடும் சிறு மின் சமிக்ஞை தோல் பட்டதும் மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து 5 மில்லி விநாடிக்குள் அதை நிறுத்திவிடும். பிளேடும் அந்த பிரேக்கும் போச்சு, விரல் மிஞ்சும். என் பட்ஜெட்டுக்கு எட்டாத விஷயம் என்பதால் ஆசைப்பட்டதோடு சரி.

மெஷின் வீட்டுக்கு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். 1800 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் இதைப் போடக் கூடாது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கிளம்பும் நொடியில் மோட்டார் இதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் சில வீடுகளில் எம்.சி.பி. விழுந்துவிடும். அதற்கு ‘சி’ வகை எம்.சி.பி. போடச் சொன்னார், போட்டோம். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், முழுக்கப் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றி வைத்தபடி ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி வயர் இளகிவிடும்.

இனி பெட்டியைப் பிரித்த கதை. ஸ்டாண்டை மாட்டி, கால்களுக்கு அடியில் அட்டை வைத்து ஆட்டம் போக்குவது வரை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நேராக அறுக்கத் தோன்றும், அங்கே நிதானம் வேண்டும். கடையிலிருந்து வந்த மெஷின், லாரியில் குலுங்கி வந்த மெஷின். பிளேடு நேராக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. மேஜையில் மைட்டர் கேஜ், அதாவது கட்டையைக் கோணத்தில் பிடித்துத் தள்ளும் சட்டம், ஓடுகிற பள்ளம்தான் ஆதாரம், அது அசையாது. முதலில் பிளேடை அந்தப் பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும். பிறகு ஃபென்ஸை அதே பள்ளத்துக்கு. கடைசியில் 90 டிகிரி. ஃபென்ஸை முதலில் பிளேடோடு சேர்த்துச் சரிசெய்தால், பிளேடைத் திருத்தும்போது மறுபடி எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றினேன். பள்ளத்தில் ஆட்டமில்லாமல் ஓடும்படி ஒரு தேக்குச் சட்டம் இழைத்து, அதன் மேல் 0.01 மி.மீ. காட்டுகிற டயல் கேஜைத் திருகினேன். பிளேடில் ஒரே ஒரு பல்லுக்கு மார்க்கரால் கறுப்புப் புள்ளி வைத்தேன். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து, அதன் பக்கத்தில் கேஜின் முனையைத் தொடவைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய், சட்டத்தையும் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி பார்க்க வேண்டும். அதே பல் என்பது முக்கியம். பிளேடிலேயே சிறு நெளிவு இருக்கலாம், வேறு பல்லில் அளந்தால் அளப்பது மேஜையையா பிளேடையா என்று தெரியாது.

முள் 0.35 காட்டியது. ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் இந்த 0.35 பின் பல்லை ஃபென்ஸ் பக்கமாகத் தள்ளியிருந்தது. அதாவது கட்டை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே போகப் போக இறுகும். விளிம்பு கருகும், கிக்பேக்குக்கும் வழி. 0.1-க்குள் கொண்டுவந்தால் நிம்மதி.

மேஜைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைப் பார்த்துப் பின்பக்கத்தை மட்டும் ஆலன் கீயால் கொஞ்சம் தளர்த்தினேன். முழுக்கக் கழற்றக் கூடாது. ஒரு மரத்துண்டை வைத்து, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. 0.35 ஒரேயடியாக அந்தப் பக்கம் 0.2 ஆனது. திரும்ப மென்மையாக ஒரு தட்டு. 0.05. சரி என்று போல்ட்டை முடுக்கினால், முடுக்கும்போதே முள் நகர்ந்தது. ஒரு போல்ட்டை முழுதாக இறுக்காமல் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் 0.06-ல் நின்றது. அதற்கு மேல் தோண்டவில்லை.

டயல் கேஜ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சட்டத்தின் நுனியில் ஒரு திருகைப் போட்டு, அதன் தலை முன் பல்லை மெல்ல உரசும்படி வைக்கலாம். பின்னால் கொண்டுபோனதும் இடைவெளி தெரிந்தால், சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாளைச் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. இரண்டு தாள் நுழைந்தால் திருத்த வேண்டும், ஒன்றே இறுக்கமாகப் போனால் போதும்.

ஃபென்ஸில் அதிக வேலை இருக்கவில்லை. பள்ளத்துக்கு இணை, அல்லது பின் நுனி ஒரு தாள் அளவு பிளேடிலிருந்து விலகி இருந்தாலும் பரவாயில்லை. பிளேடை நெருங்கி மட்டும் இருக்கக் கூடாது. 90 டிகிரியை மூலைமட்டம் வைத்துச் சரிசெய்துவிட்டு, ஒரு இரண்டரை அங்குலப் பலகையைக் குறுக்கே நிமிர்த்தி வைத்து அறுத்தேன். இரண்டு துண்டில் ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்டு முகங்களைச் சேர்த்தால், பிழை இரட்டிப்பாகித் தெரியும். வெளிச்சம் ஒழுகவில்லை என்றால் சரி. ரிவிங் நைஃபைப் பெட்டியில் கீழே இறக்கி வைத்து அனுப்பியிருந்தார்கள். அதை மேலே இழுத்துப் பூட்டி, ஒரு நேரான ஸ்கேலைப் பிளேடோடு ஒட்டிவைத்து இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

மெஷினோடு வந்த பிளேடு 24 பல். நீளவாக்கில் கட்டை அறுக்க அது போதும். பிளைவுட்டில் அது மேல் வெனீரைப் பிய்த்துவிடும் என்பதால் 60 பல் ஒன்று தனியாக வாங்கினேன். இங்கே கவனிக்க இரண்டு எண்கள். ஒன்று நடுத்துளை: கடைகளில் 30 மி.மீ., 25.4 மி.மீ. இரண்டும் இருக்கும், உங்கள் மெஷினுக்கு எது என்று பார்த்துப் போக வேண்டும். இன்னொன்று அறுப்பு அகலம். அது ரிவிங் நைஃபின் தடிமனைவிட அதிகமாகவும், பிளேடின் தகட்டுத் தடிமன் நைஃபைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கட்டை நைஃபில் முட்டி நின்றுவிடும். நைஃபின் மேலேயே அளவு பொறித்திருக்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னல் வேலைக்கு வரும் ஆசாரி அண்ணன் அந்த வாரம் மெஷினைப் பார்க்க வந்தார். சுற்றி வந்து பார்த்தார். ஃபென்ஸைத் தள்ளிப் பூட்டி "நல்லா நிக்குது" என்றார். நைஃபைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சார், இந்தத் தகட மொதல்ல கழட்டிடுங்க. கட்ட அதுல இடிக்கும்."

"இருக்கட்டும்ணே, பார்ப்போம்."

மூலையில் ஐந்தடி வேப்பம்பலகை ஒன்று கிடந்தது, ஒன்றேகால் அங்குலம் தடிமன். அதை எடுத்துத் தலைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மரத்தின் நட்டநடுவை ஒட்டி அறுத்த பலகை, வளையங்கள் வில்லாக வளைந்து தெரிந்தன. "இது சரியா காயல சார். நடுவுல கிழிச்சா ரெண்டு பக்கமும் உள்ள மடங்கும், பாருங்க" என்றார். எந்த மீட்டரும் வைக்காமல் சொன்னார்.

கிழித்தேன். முதல் அடி சுலபமாகப் போனது. இரண்டாவது அடி தாண்டியதும் தள்ள வலு தேவைப்பட்டது. மோட்டார் சத்தம் இறங்கியது. பார்த்தால் பிளேடு கடந்து வந்த வெட்டு பின்னால் மூடிக்கொண்டு நைஃபின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கட்டையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சை முட்டியால் தட்டி அணைத்தேன். பிளேடு முழுக்க நிற்கும் வரை கையை எடுக்கவில்லை. ஆசாரி அண்ணன் ஒரு ஆப்பு சீவி வெட்டுக்குள் இறக்கினார். வெட்டு பிரிந்தது. மறுபடி போட்டு மீதியை அறுத்து முடித்தோம். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒரு நூல் வளைவு.

கொஞ்ச நேரம் நைஃபையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தகடு மட்டும் தனியா விக்கறாங்களா சார்?" என்று கேட்டார். பிளேடோடு ஏறி இறங்க வேண்டிய பாகம், தனியாக மாட்டினால் பலனில்லை என்றேன். ஆனால் அவர் மேஜையில் பிளேடு உயரம் மாறுவதே இல்லை. பிளேடுக்குப் பின்னால், அறுப்பு அகலத்தைவிட ஒரு மயிரிழை மெல்லியதாக ஒரு தகட்டை நேராக நிறுத்தலாம் என்று பேசி முடிவு செய்தோம். அடுத்த முறை வந்தபோது மாட்டிவிட்டேன் என்றார்.

நைஃபைக் கழற்றச் சொன்னதைத் தவிர, அவர் சொன்ன அறிவுரைகளில் இன்னும் ஒன்றை மட்டும் தள்ளிவிட்டேன், கையுறை போடச் சொன்னதை. சுற்றுகிற பிளேடு பக்கம் கையுறை கூடாது. பல் துணியைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுக்கும். தொளதொள முழுக்கைச் சட்டை, தோளில் தொங்கும் துண்டு எல்லாம் அதே கணக்கு. நிற்பது பிளேடின் நேர்க்கோட்டில் இல்லாமல் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி. குறுகலான ரீப்பர் அறுக்கும்போது தள்ளுகட்டை. கண்ணாடி, காதுக்கு மஃப். இந்த வகை மோட்டாரின் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும், மதியம் இரண்டு மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்வார்.

மரத்தூளை நான் ஆரம்பத்தில் இருந்தே பெரிதாக எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. மெஷினின் பின்குழாயில் வேக்குவம் கிளீனரை மாட்டினால் முக்கால்வாசி அடங்கும், மீதிக்கு என்95 மாஸ்க். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுக்கும் நாளில் மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் கூட நிற்பதில்லை.

முழு பிளைவுட் ஷீட், எட்டுக்கு நாலு அடி, இந்த மெஷினில் ஒற்றை ஆளாக ஏற்றுவது வேண்டாத வேலை. ஷீட் சாய்ந்தால் ஃபென்ஸை விட்டு விலகும், விலகினால் பின் பல் பிடிக்கும். வாங்குகிற கடையிலோ பக்கத்து மாடுலர் கிச்சன் பட்டறையில் முழு ஷீட் அறுக்கும் பேனல் சாவிலோ கொடுத்து, தேவையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி வாங்கி, கடைசி அளவை மட்டும் வீட்டில் அறுக்கிறேன்.

முதல் உருப்படியான வேலையாகச் செய்தது அலமாரி இல்லை, குறுக்கே அறுக்க ஒரு ஸ்லெட். 12 மி.மீ. பிளைவுட் தளம், அடியில் பள்ளத்தில் ஓடும் இரண்டு தேக்குச் சட்டம், பின்னால் கட்டையைச் சாய்த்துப் பிடிக்க ஒரு நேரான தடுப்பு. தடுப்பு பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியா என்பதை மூலைமட்டத்தால் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது. அதற்கு ஐந்து வெட்டு முறை இருக்கிறது. ஒரு சதுரத் துண்டை எடுத்து, வெட்டிய பக்கத்தை ஒவ்வொரு முறையும் தடுப்பில் சாய்த்துத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அறுக்க வேண்டும். ஐந்தாவதாக முதல் பக்கத்தையே மறுபடி ஒரு பட்டையாக அறுக்க வேண்டும். பிழை நாலு மடங்காகி அந்தப் பட்டையில் சேர்ந்திருக்கும். என் பட்டை 400 மி.மீ. நீளம், ஒரு முனை 30.0, மறுமுனை 30.8. வித்தியாசம் 0.8, நாலால் வகுத்தால் 400 மி.மீ.க்கு 0.2 பிழை. தடுப்பின் ஒரு திருகை மட்டும் அச்சாக விட்டு, மறுமுனையில் இரண்டு தாள் செருகித் தள்ளி இறுக்கினேன். மறுபடி அறுத்ததில் இரண்டு முனையும் வெர்னியரில் ஒன்றாகவே வந்தன.

மெஷினை மடக்கி மூலையில் தள்ளி, திரும்ப எடுத்து விரிப்பதால் அளவு கலைந்துவிடுமோ என்று அவ்வப்போது டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறேன், பிளேடு நகரவில்லை. ஃபென்ஸின் ஸ்கேல் மட்டும் பிளேடு மாற்றினால் அரை மி.மீ. வரை பொய் சொல்கிறது, பிளேடின் தடிமன் மாறுகிறதே. அதனால் ஸ்கேலை நம்பாமல், ஃபென்ஸ் பக்கம் சாய்ந்த ஒரு பல்லிலிருந்து ஃபென்ஸ் வரை டேப்பால் அளந்துவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்கிறேன்.